‘அகற்றலாம்’ என்பதை எப்படிப் படிப்பது?

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவி 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தகரச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்த ஈரத்தாள் ஒன்றோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தாள் முழுக்க மராத்தி. நாற்பது ஆண்டுகளாகப் பம்பாயில் இருப்பவர் அவர். மராத்தி பேசுவார், படிக்க வராது. எந்த அலுவலகத்து நோட்டீஸ், எந்தச் சட்டம் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. “இடிக்கலாம்னு போட்டிருக்கா, இடிப்போம்னு போட்டிருக்கா? அத மட்டும் சொல்லுங்க, தம்பி” என்றார்.

நான் வழக்கறிஞராகப் பதிவு செய்து 14 ஆண்டுகள் ஆகின்றன. நீதிபதிகள் அரசியலமைப்புச் சட்டத்துக்கு எப்படிப் பொருள் கொள்கிறார்கள் என்று வகுப்பறையிலும் கருத்தரங்கிலும் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் அண்ணாச்சியின் கேள்வியைப் போல நேராக விஷயத்தின் நடுவில் போய் நின்றதில்லை. அரசுக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுக்கும் சட்டம், அதைச் செலுத்தலாம் என்கிறதா, செலுத்தியே தீர வேண்டும் என்கிறதா, செலுத்துமுன் எதிரில் நிற்கும் மனிதரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்கிறதா? இதற்கு விடை சொன்ன முக்கியமான தீர்ப்பு இந்த நகரத்தின் நடைபாதையிலிருந்துதான் பிறந்தது. அதற்குள் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வாழ்க்கையும் எழுதப்பட்டிருக்கிறது.

1985 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி வழக்கில் தீர்ப்பளித்தது. ஓல்கா டெல்லிஸ் ஒரு பத்திரிகையாளர். வழக்கின் பெயர் அவருடையதாக நிலைத்துவிட்டது. ஆனால் அவரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தவர்களில் சேலத்திலிருந்து 1961-இல் பம்பாய்க்கு வந்த நிலமற்ற விவசாயத் தொழிலாளி ஒருவரும் இருந்தார். ஊரில் வறட்சியால் வேலை போனதும், தஹிசரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் தினக்கூலிக்குச் சேர்ந்தார். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் கித்தானும் கட்டிய கூரைக்கு, குடிசைகளைத் தன் பிடியில் வைத்திருந்த ஒருவர் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தார். அன்று அவருடைய நாட்கூலி 23 ரூபாய். மனைவியோடும் மூன்று மகள்களோடும் அவர் அங்கே வாழ்ந்தார். 1981 ஜூலை 13 அன்று, நடைபாதைவாசிகள் அனைவரையும் அப்புறப்படுத்தி அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவைக்கப் போவதாக மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். பத்து நாளில் அந்தக் கூரை இடிக்கப்பட்டு, குடும்பம் சேலத்துக்குப் பேருந்து ஏற்றப்பட்டது. மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மறுபடியும் பம்பாய்க்கு வந்து மறுபடியும் ஒரு நடைபாதையிலேயே குடியேறினார். இத்தனையும் தீர்ப்பிலேயே இருக்கிறது. விலே பார்லே அருகே காமராஜ் நகர் என்றொரு குடியிருப்பும் அதே தீர்ப்பில் வருகிறது. அங்கே குடியேறியவர்கள் அந்தப் பெயரை எதற்காக வைத்திருப்பார்கள் என்று எந்தத் தமிழருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பை ஒரே ஒரு வரிக்காகப் படிக்கிறார்கள்: அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு காக்கும் ‘லைஃப்’ என்பதில் பிழைப்புக்கான வழியும் அடங்கும். இந்த வரியைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் அதில் உள்ள சிக்கல் எனக்குப் புரிந்தது. அந்த ஆங்கிலச் சொல்லை உயிர் என்று பெயர்ப்பதா, வாழ்வு என்று பெயர்ப்பதா? உயிர் என்றால், தூக்குமேடையும் துப்பாக்கிக் குண்டும் மட்டுமே அந்தப் பிரிவின் கவலை. வாழ்வு என்றால், சோறும் கூரையும் வேலையும் அதற்குள் வந்துவிடுகின்றன. நீதிபதிகள் முன்னால் இருந்த கேள்வியே இதுதான். இதில் இன்னொன்றும் உண்டு. தமிழில் ‘பிழை’ என்ற வினைக்குச் சாவிலிருந்து தப்புதல் என்ற பொருளும் உண்டு, சம்பாதித்து வாழ்தல் என்ற பொருளும் உண்டு. வெள்ளத்தில் பிழைத்தவரையும் பம்பாய்க்குப் பிழைக்க வந்தவரையும் நாம் ஒரே சொல்லால்தான் சொல்கிறோம். வாழ வழியைப் பறிப்பது வாழும் உரிமையைப் பறிப்பதற்கு மிக எளிய வழியாகிவிடும் என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் எழுதிய இடத்தை முதன்முதலில் படித்தபோது, என் அம்மா அன்றாடம் பேசும் ஒரு சொல்லின் அகராதி விளக்கம்போல அது எனக்குத் தோன்றியது.

ஆனால் நமக்கு ஒன்று இயல்பாகத் தோன்றுவது வேறு, அது சட்டத்தில் இருப்பது வேறு. என் மொழியில் இரண்டும் ஒரே சொல் என்பதற்காக நீதிபதி அப்படித் தீர்ப்பளிக்க முடியாது. அவருடைய மனம் இரங்கியது என்பதற்காகவும் முடியாது. எழுதப்பட்ட வாசகத்திலிருந்து தான் வந்து சேர்ந்த முடிவு வரை நடந்து வந்த பாதையை அவர் காட்ட வேண்டும். அந்தப் பாதையில் நாமும் நடந்து பார்த்து, எங்கே கால் இடறுகிறது என்று சொல்ல முடிய வேண்டும். நான் தீர்ப்புகளைப் படிப்பது இந்த ஒரு அளவுகோலோடுதான். முடிவு எனக்குப் பிடித்திருக்கிறதா என்ற கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்டுக்கொள்கிறேன்.

பாதை எளிதாகவும் இல்லை. 1960-இல் சந்த் ராம் வழக்கில் இதே நீதிமன்றம், 21-ஆவது பிரிவில் பிழைப்புரிமை அடங்கும் என்ற வாதத்தை ஓரிரு வரிகளிலேயே தள்ளிவிட்டிருந்தது. அதற்கும் முன்னால், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டிலேயே ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் வழக்கு வந்தது. தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலனுக்காக எம்.கே. நம்பியார் வாதாடினார். சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அல்லாமல் ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பறிக்கக்கூடாது என்கிறதே 21-ஆவது பிரிவு, அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டாமா என்பதே அவர் கேள்வி. பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. சட்டமன்றம் இயற்றிய சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்தால் போதும் என்றார்கள். நீதிபதி ஃபசல் அலி மட்டும் வேறுவிதமாக எழுதினார்.

கோபாலன் தீர்ப்பைக் கண்டிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. அதை எழுதியவர்களை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை, ஏனென்றால் வரலாறு அவர்கள் பக்கம் இருந்தது. அமெரிக்க அரசியலமைப்பில் உள்ள ‘டியூ ப்ராசஸ்’, அதாவது நியாயமான சட்ட நடைமுறை, என்பதைப் போன்ற வாசகம் நம் வரைவிலும் முதலில் இருந்தது. அது இருந்தால் மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் சட்டங்களை நீதிபதிகள் தங்கள் நியாய உணர்வைக் கொண்டே வீழ்த்த முடியும். அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947-இல் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பிறகு, அந்த வாசகம் எடுக்கப்பட்டு ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்ற வாசகம் வந்தது. அது தவறி நடந்ததன்று. தெரிந்தே செய்த மாற்றம். அதனால் நேர்ந்த குறையை ஈடுசெய்யத்தான் கைது, காவல் தொடர்பான பாதுகாப்புகளைத் தனியொரு பிரிவாக அம்பேத்கர் பின்னர் கொண்டுவந்தார். இன்றைய 22-ஆவது பிரிவு அதுதான். ஆக, இயற்றியவர்களின் நோக்கமே பொருளைத் தீர்மானிக்கும் என்று நம்புபவருக்கு, 1950-இன் விடை தவறென்று சொல்வது கடினம்.

ஆனாலும் அது தவறு என்றே நான் கருதுகிறேன். நோக்கத்தை நான் மதிக்காததால் அல்ல; இயற்றியவர்கள் 21-ஆவது பிரிவை மட்டும் இயற்றவில்லை என்பதால். சட்டத்தின் முன் சமத்துவம் என்று 14-ஆவது பிரிவை எழுதியதும் அவர்கள்தான், 19-ஆவது பிரிவில் கட்டுப்பாடுகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்று எழுதியதும் அவர்கள்தான். ஒவ்வொரு பிரிவும் தனித்தனி அறை, ஒன்றின் விளக்கு அடுத்ததில் விழாது என்று கோபாலன் அமர்வு எடுத்துக்கொண்டது. 1970-இல் வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட வழக்கில் அந்தச் சுவர் உடைந்தது. 1978-இல், கடவுச்சீட்டைப் பறிகொடுத்த மேனகா காந்தியின் வழக்கில், மூன்று பிரிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றும், மனம்போன போக்கில் செயல்படும் நடைமுறை 14-ஆவது பிரிவுக்கே எதிரானது என்பதால் 21-ஆவது பிரிவு கேட்கும் நடைமுறையாகவும் அது இருக்க முடியாது என்றும் நீதிபதி பகவதி எழுதினார். எடுத்துவிட்ட அமெரிக்க வாசகத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள் என்று விமர்சிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. திருக்குறளில் ஓர் அதிகாரத்துக்குப் பொருள் சொல்பவர் மற்ற அதிகாரங்களையும் நினைவில் வைத்துத்தான் சொல்வார். அப்படிச் சொல்வதால் புதிய குறள் எழுதிவிட்டார் என்று அவரை யாரும் குற்றம் சாட்டுவதில்லை.

ஓல்கா டெல்லிஸ் அமர்வும் இதே முறையில்தான் நடந்தது. போதுமான பிழைப்பு வழி குடிமக்களுக்குக் கிடைக்குமாறு அரசு தன் கொள்கையை அமைக்க வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவின் முதல் கூறு. பொருளாதார வசதிக்கு உட்பட்டு வேலை பெறும் உரிமையைப் பற்றிப் பேசுகிறது 41-ஆவது பிரிவு. இவை அரசுக்கான வழிகாட்டு நெறிகள். இவற்றைக் காட்டி நீதிமன்றத்தில் நேரடியாக எதையும் கேட்டுப் பெற முடியாது. அதே சமயம், நாட்டை ஆள்வதற்கு இவையே அடிப்படை என்றும் 37-ஆவது பிரிவு சொல்கிறது. நேரடியாக நிறைவேற்ற முடியாததைக் கொண்டு, நிறைவேற்றக்கூடிய இன்னொரு பிரிவின் சொல்லுக்குப் பொருள் காணலாமா? காணலாம் என்றது நீதிமன்றம். இந்த இடத்தில் பாதை தெளிவாக இருக்கிறது. பிழைப்பு வழியைத் தேடிக் கொடுக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்த முடியாவிட்டாலும், இருக்கும் பிழைப்பை நியாயமான நடைமுறை இல்லாமல் பறிக்கக்கூடாது என்று தடுக்க முடியும் என்பதே தீர்ப்பின் வாதம். கொடு என்பதற்கும் பறிக்காதே என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அது சரியாகவே அளந்திருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் குடிசைவாசிகள் தங்களுக்கு அடிப்படை உரிமை இல்லை என்று ஒப்புக்கொண்டார்களே என்ற மாநகராட்சியின் வாதமும் எடுபடவில்லை. அரசியலமைப்பு தந்த உரிமையை யாரும் பேச்சில் விட்டுக்கொடுத்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதுவரை சொன்னதுதான் புகழ்பெற்ற பகுதி. நடைபாதையில் படுத்திருப்பவருக்கு உண்மையில் எதையாவது கொடுத்தது தீர்ப்பின் இரண்டாம் பகுதிதான் என்பது என் எண்ணம். பிழைப்பைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்றால், இங்கே அந்த நடைமுறை எது? 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆவது பிரிவு. தெருவிலும் நடைபாதையிலும் எழுப்பப்பட்ட கட்டுமானங்களை ஆணையர் நோட்டீஸ் இல்லாமலேயே அகற்றலாம் என்கிறது அது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம். நோட்டீஸ் இல்லாமல் என்ற சொற்கள் கறுப்பு எழுத்தில் கண்ணெதிரே நிற்கின்றன. இதை வைத்துக்கொண்டு நியாயமான நடைமுறை என்று எப்படிச் சொல்வது?

நீதிமன்றத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. பிரிவே செல்லாது என்று வீழ்த்திவிடலாம். அல்லது அரசியலமைப்போடு ஒத்துப்போகும் பொருள் ஏதாவது அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறதா என்று தேடலாம். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. அகற்றலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது, நோட்டீஸ் இல்லாமல் அகற்றியே ஆக வேண்டும் என்று கட்டளையிடவில்லை. அதனால், நோட்டீஸ் கொடுப்பதா வேண்டாமா என்பதை ஆணையர் எண்ணிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். தாமதத்துக்கு இடமில்லாத அவசர நேரங்களில் அரிதாகப் பயன்படுத்தவே அந்த அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. மற்ற எல்லா நேரங்களிலும் பாதிக்கப்படுபவரைக் கேட்காமல் செய்யும் எண்ணம் சட்டமன்றத்துக்கு இருந்ததாகக் கொள்ள முடியாது. இதுதான் நீதிமன்றம் கண்ட பொருள்.

தமிழில் ‘-லாம்’ என்ற விகுதியைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. ‘போகலாம்’ என்று பெரியவர் சொன்னால் அது அனுமதியாகவும் இருக்கும், புறப்படு என்பதாகவும் இருக்கும், போனாலும் போகக்கூடும் என்ற ஊகமாகவும் இருக்கும். சொல்பவர் யார், கேட்பவர் யார், வாசலில் வண்டி நிற்கிறதா என்பதையெல்லாம் வைத்தே பொருள் கொள்கிறோம். சட்டத்தின் ‘-லாம்’ அப்படியே இருந்தாலும், சொல்பவர் அரசு, கேட்பவர் பிளாட்பாரத்தில் குடியிருப்பவர் என்பதால் எந்தப் பக்கம் சாய்வது என்பது ஒருவருடைய கூரையைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. நூறாண்டு பழைய ஒரு விகுதியை அரசியலமைப்பின் வெளிச்சத்தில் வைத்துப் படித்து, அதிகாரத்துக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விசாரணையை நிறுத்திய அந்தப் பத்தி, வாழ்வு என்ற பெரிய சொல்லைப் பற்றிய பத்திகளைவிட எனக்கு அருமையானது.

என் வருத்தம் அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. கேட்டுவிட்டுத்தான் அகற்ற வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகச் சொன்ன நீதிமன்றம், சாதாரணமாக இந்த வழக்கை ஆணையருக்குத் திருப்பி அனுப்பி விசாரிக்கச் சொல்லியிருப்போம், ஆனால் அவர் மறுத்த வாய்ப்பைத்தான் நாங்களே தாராளமாக வழங்கிவிட்டோமே என்றது. நடைபாதை நடப்பதற்கே உரியது, அகற்றியது சரியே என்று முடித்தது. கேட்காமல் விடுவதே தீங்கு, கேட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது என்பது சமாதானம் ஆகாது என்று அதே நீதிமன்றம் சில ஆண்டுகளுக்கு முன் எஸ்.எல். கபூர் வழக்கில் சொல்லியிருந்தது. அதை இந்தத் தீர்ப்பே எடுத்தும் பேசுகிறது. புது தில்லியில் மூத்த வழக்கறிஞர்கள் சட்டம் பேசியதும், சேலத்துக்காரர் ஓர் அதிகாரியின் முன் நின்று ‘என் வேலை இங்கே, என் மகளுக்கு ஐந்து வயது, மழை முடியும்வரை விடுங்கள்’ என்று சொல்வதும் ஒன்றாகாது. தான் காட்டிய பாதையில் கடைசி அடியைத் தானே வைக்காமல் நீதிமன்றம் நின்றுவிட்டது. மழைக்காலம் முடிந்து 1985 அக்டோபர் 31 வரை அகற்றக்கூடாது என்றும், 1976-இல் கணக்கெடுத்து அட்டை கொடுக்கப்பட்டவர்களுக்கு மாற்று இடம் வேண்டும் என்றும், இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகளைப் பொதுத் தேவைக்கன்றி அகற்ற வேண்டாம் என்றும் சொன்னது பெரிய உதவிதான். ஆனால் அவை கருணையின் வடிவில் வந்தவை, வாசகத்துக்குக் கண்ட பொருளிலிருந்து வந்தவை அல்ல.

பிரிவை வீழ்த்தாமல் இப்படிப் பொருள் கண்டு காப்பாற்றியதில் இன்னொரு குறையும் தங்கிவிட்டது. சட்டப் புத்தகத்தில் ‘நோட்டீஸ் இல்லாமல்’ என்ற சொற்கள் அப்படியே இருந்தன. அவற்றின் உண்மைப் பொருள் தீர்ப்புத் தொகுதிகளில் இருந்தது. மேசையில் சட்டத்தை மட்டும் வைத்திருக்கும் அதிகாரிக்கு அந்தப் பொருள் எப்படிப் போய்ச் சேரும்? நீதிபதிகள் காணும் பொருளை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற கேள்வி பொருள்கோள் பற்றிய நூல்களில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பி.ஆர். கவாயும் கே.வி. விஸ்வநாதனும் இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்க முயன்றார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் இடிக்கக்கூடாது. உள்ளூர்ச் சட்டம் தரும் காலம் அல்லது 15 நாட்கள், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை பதில் சொல்ல நேரம் தர வேண்டும். நோட்டீஸ் பதிவுத் தபாலில் போக வேண்டும், கட்டடத்திலும் ஒட்டப்பட வேண்டும். மீறும் அதிகாரி தானே பொறுப்பேற்க வேண்டும் என்று வரிசையாக எழுதினார்கள். ஆனால் தெரு, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு இவை பொருந்தாது என்று ஒரு விலக்கும் அதிலே இருக்கிறது. அதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். 1985 தீர்ப்பின் நடைபாதைவாசிகள் யாருக்கும் 2024-இன் பாதுகாப்பு கிடைத்திருக்காது.

அண்ணாச்சியின் தாளிலும் அந்தச் சொல்தான் இருந்தது. அவருடைய கடை நடைபாதையில் இருக்கிறது என்றும், மூன்று நாட்களுக்குள் காலி செய்யாவிட்டால் அகற்றப்படலாம் என்றும் எழுதியிருந்தது. அகற்றப்படலாம்தான். கடை இருக்கும் இடம் நடைபாதையே இல்லை, நடைபாதைக்குக் கல் பதித்ததே தன் கடை வந்த பிறகுதான் என்கிறார் அவர். உண்மை எதுவென்று எனக்குத் தெரியாது. அவருடைய பழைய மின்சார ரசீதுகளையும் சாலையின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் அந்த விலக்கு அவருக்குப் பொருந்துமா என்பதே அது நடைபாதையா என்ற கேள்வியைச் சார்ந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவரைக் கேட்காமல் யாரும் விடை சொல்ல முடியாது. 2024-இன் தீர்ப்பு கைவிடும் இடத்தில் 1985-இன் ‘அகற்றலாம்’ மறுபடியும் வந்து நிற்கிறது.

அன்று மாலை இருவரும் உட்கார்ந்து இரண்டு பக்கங்களில் பதில் எழுதினோம். முதல் பக்கத்தில் கடை தொடங்கிய ஆண்டு, ரசீதுகளின் விவரம், விசாரணைக்கு நாள் குறிக்குமாறு ஒரு வேண்டுகோள். இரண்டாம் பக்கத்தில் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பின் அந்த ஒரு பத்தியை முழுமையாக எடுத்து எழுதினேன். அது எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். அந்த வழக்கில் சேலத்துக்காரர் ஒருவர் இருந்தார் என்று சொன்னேன். திங்கட்கிழமை காலை இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு போனவர், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கி வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் வைத்திருக்கிறார்.